டேண்டி மாடல் 100 ஃப்ளாப்பி டிரைவ்: பெல்ட்டில் கை வைக்கும் முன்

1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 மடிக்கணினிக்கு டேண்டி விற்ற வெளி ஃப்ளாப்பி டிரைவ், கேட்டலாக் எண் 26-3808. உள்ளே இருப்பது பிரதர் நிறுவனத்தின் எஃப்பி-100. பின்னல் மெஷின்களின் டிசைன்களைச் சேமித்ததும் இதே டிரைவ்தான். இன்று கைக்கு வரும் எதிலும், மோட்டாரிலிருந்து டிஸ்க்கைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் முதலில் சர்க்யூட் போர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் சுற்றாவிட்டாலும் இந்த டிரைவ் பதில் சொல்லும்.

மின்சாரம்: பேட்டரி, அல்லது 6 வோல்ட் அடாப்டர். மாடல் 100-இன் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். டிரைவின் பெட்டியில் உள்ள குறியைப் பார்க்காமல் செருகாதீர்கள். பேட்டரியைச் சும்மா அளந்து பயனில்லை, மோட்டார் கிளம்பும்போது அளக்க வேண்டும். கான்டாக்டில் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள்.

அடுத்தது கேபிள். பலர் ஏமாறுவது இங்கேதான். டிரைவிலிருந்து வருவது 5 வோல்ட் சிக்னல். அதை ஆர்எஸ்-232 (கணினியின் சீரியல் போர்ட்டுக்கான தரம்) அளவுக்கு மாற்றும் சர்க்யூட் கேபிளின் 25 பின் முனைக்குள் இருக்கிறது. சாதாரண வயர்களை வைத்து நீங்களே ஒரு கேபிள் கட்டினால் வேலை செய்யாது.

சோதனைக்கு ஏதாவது ஒரு பிசியின் சீரியல் போர்ட் போதும். வேகம் 19200, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். டிஸ்க் போடாமல் 90, 90, 7, 0, 248 என்று ஐந்து பைட் அனுப்புங்கள் (தசம எண்கள்). 18, 1, 112, 124 என்று திரும்பி வந்தால் ‘டிஸ்க் இல்லை’ என்கிறது. அதாவது கேபிள், மின்சாரம், போர்டு மூன்றும் சரி. மூன்றாவது பைட்டும், அதைப் பொறுத்து மாறும் நான்காவது சரிபார்ப்பு பைட்டும் வேறாக இருந்தாலும் கவலை வேண்டாம், பேசுகிறதே. ஒன்றுமே வராவிட்டால் டிரைவின் அடியில் உள்ள சிறு சுவிட்சுகளைப் பாருங்கள். அவை இடம் மாறினால் வேகமும் கட்டளை முறையும் மாறிவிடும்.

இனி பெல்ட். பழைய ரப்பர் தார் மாதிரி உருகி, மோட்டார் புல்லியிலும் (பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) ஃப்ளைவீலிலும் (டிஸ்க்கைச் சுற்றும் பெரிய சக்கரம்) அப்பியிருக்கும். பெரிய துண்டுகளைப் பல் குச்சியால் எடுத்துவிட்டு, மீதியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். பட்ஸ் கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும், ஒட்டு மிச்சம் இருந்தால் புது பெல்ட் வழுக்கும். அந்தக் கையோடு, டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட்டைத் தொட்டுவிடாதீர்கள்.

புது பெல்ட் தட்டையானதாக இருக்க வேண்டும். பெல்ட் ஓடும் பாதையை நூலால் அளந்து, அதைவிடச் சுமார் 5 சதவீதம் குறைந்த சுற்றளவில் வாங்குங்கள். இறுக்கம் அதிகமானால் மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும். தடிமனையும் பார்க்க வேண்டும். மோட்டார் புல்லி சின்னது என்பதால், தடித்த பெல்ட் போட்டால் டிஸ்க் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அப்படிப்பட்ட டிரைவ் தானே எழுதியதைப் படிக்கும், பழைய டிஸ்க்கைப் படிக்கத் தடுமாறும். இந்த அறிகுறி தெரிந்தால் ஹெட்டின் அலைன்மென்ட்டைத் திருக வேண்டாம், பெல்ட்டை மாற்றிப் பாருங்கள்.

ஹெட் டிஸ்க்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கும். மறுபக்கம் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன ஃபெல்ட் பேட் உண்டு. துடைக்கும்போது அது பிய்ந்துவிட்டால் டிரைவ் ஒரு தடவை படிக்கும், ஒரு தடவை படிக்காது.

டிஸ்க் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்: 720 கேபி வகைதான். 1.44 எம்பி டிஸ்க்கின் காந்தப் பூச்சு வேறு. இன்று எழுதியது நாளை இருக்கும் என்று நம்ப முடியாது. கொள்ளளவு 40 டிராக் (டிஸ்க்கின் வட்டப் பாதைகள்), டிராக்குக்கு 1280 பைட் செக்டர் (பாதையின் பகுதி) இரண்டு, ஆக 100 கேபி. பிசியின் ஃப்ளாப்பி டிரைவில் இதைப் போட்டால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.