மைவியில் ஜாஸ் ரிம்: நட் உட்காரும் இடத்தைப் பாருங்கள்

என்னுடையது முதல் தலைமுறை மைவி. மலேசியக் கார் நிறுவனமான பெரோடுவா 2005இல் கொண்டுவந்த அந்த வடிவம். 14 அங்குல இரும்பு ரிம், 175/65 டயர் (அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு). அதைக் கழற்றிவிட்டு ஹோண்டா ஜாஸின் 15 அங்குல அலுமினிய ரிம்மை மாட்டி இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்த ஆசை பலருக்கு உண்டு. ஒரு கம்பெனி காரின் ரிம்மை இன்னொன்றில் மாட்டலாமா என்று கேட்டால், "நான்கு ஓட்டை, நூறு, தாராளமாக மாட்டலாம்" என்றுதான் பதில் வரும். அது பாதிப் பதில். மீதிப் பாதியில்தான் உயிர் இருக்கிறது என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

அந்த 'நூறு' என்பது எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், மில்லிமீட்டரில். மைவி, ஜாஸ், டொயோட்டா வியோஸ், புரோட்டோன் வீரா எல்லாமே நான்கு போல்ட், 100. பழைய புரோட்டோன் சாகாவும் இஸ்வாராவும் 114.3, அதாவது நாலரை அங்குலம். அந்த ரிம்மை மைவி பக்கமே கொண்டுவர வேண்டாம். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்.

ஈப்போவில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒரு கடையில் ரிம்கள் கிடைத்தன. தவுக்கே, அதாவது கடை முதலாளி, அழகான முன்பக்கத்தைக் காட்டினார். நான் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தேன். 15×5½J (விட்டம் 15, அகலம் 5½ அங்குலம்), பக்கத்தில் 53 என்று அச்சு இருந்தது. அந்த 53தான் ஆஃப்செட்: ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்ற அளவு. அது கூடினால் சக்கரம் உள்ளே போகும். மைவியின் சொந்த ரிம் 14×5, ஆஃப்செட் 45. கணக்குப் போட்டால், புதிய ரிம் அரை அங்குலம் அகலம் கூடுதல், அதோடு 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்காரும். உள் விளிம்பு ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் அப்சார்பரை நெருங்குகிறது; வெளி விளிம்போ ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே போகிறது. மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சக்கரம்தான் அழகு என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு உள்ளே இருப்பதே நல்லது. கதவெல்லாம் சேறு அடிக்காது.

ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேசர், அதாவது ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தகடு, போட்டு வெளியே தள்ளச் சொன்னார்கள். நான் போடவில்லை. போல்ட் 12 மில்லிமீட்டர் தடிமன், மரையின் இடைவெளி 1.5. தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது நட் குறைந்தது 8 சுற்று ஏற வேண்டும். கையால் சுற்றி எண்ணினேன், எட்டுக்கும் கூடுதலாகவே ஏறியது. ஸ்பேசர் போட்டால் அதில் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். அழகுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது நடு ஓட்டை. அதற்குள் நுழையும் வண்டியின் நடுக்குமிழ்தான் ஹப். மைவியின் ஹப் விட்டம் 54.1 மில்லிமீட்டர், ஜாஸ் ரிம்மின் துளை 56.1. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அப்படியே மாட்டினால் சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும், மையம் சற்று விலகினாலும் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். இதற்கென்றே 56.1க்கு 54.1 வளையம் விற்கிறார்கள், பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும். பிரேக் சூட்டை நினைத்து அலுமினியத்தையே வாங்கினேன். ஈரத்தில் அது ஹப்போடு பிடித்துக்கொள்ளும் என்பதால், ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேய்த்து, மிக மெல்லிய கிரீஸ் பூசினேன். போல்ட் மரையில் கிரீஸ் படக்கூடாது; பட்டால் முறுக்கும் அளவு பொய்யாகிவிடும்.

இனி நட். மைவியின் நட்டும் ஹோண்டாவின் நட்டும் ஒரே மரை. அதனால் மைவி நட்டை ஜாஸ் ரிம்மில் போட்டால் ஏறும், இறுகும், ஆட்டிப் பார்த்தால் ஆடாது. ஆபத்து அங்கேதான். மைவி நட்டின் முனை 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட் உட்காரும் குழியோ உருண்டை, சிறு கிண்ணம்.

பட்டறை அண்ணன் நம்பவில்லை. "இத்தனை வருஷம் மாட்டுகிறேன் தம்பி, ஒன்றும் கழன்று ஓடவில்லை" என்றார். வாதாடுவதைவிடக் காட்டிவிடுவது மேல் என்று அம்மாவின் கண்மையை எடுத்து வந்தேன். மைவி நட்டின் முனையில் மெல்லப் பூசி, இறுக்கிக் கழற்றினோம். குழிக்குள் டார்ச் அடித்தால், மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான் தொட்டிருக்கிறது. குழியைத் துடைத்துவிட்டு ஹோண்டா நட்டில் பூசி அதே அளவு இறுக்கினோம். இம்முறை குழியின் சுவர் முழுக்கப் பட்டையாகக் கறுப்பு. அண்ணன் இரண்டாவது குழியிலும் அவரே செய்து பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் ஹோண்டா நட் இருக்கும் டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

அந்த மயிரிழையில்தான் மொத்த இறுக்கமும் விழுகிறது. அலுமினியம் அங்கே நசுங்கும். நசுங்கினால் போல்ட்டின் இழுவிசை குறையும். பிறகு நட் தானாகத் தளரும். வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்புக்குழியோடு வருவதால், அவற்றுக்குக் கூம்பு நட் சரி. ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை முகம் கொண்ட நட் மட்டுமே.

டயரில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கணக்கைத் தவிர. ரிம்மோடு வந்தவை ஜாஸின் 175/65R15. அவற்றின் விட்டம் 608 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மைவியின் பழைய டயர் 583. நான்கு விழுக்காட்டுக்கு மேல் பெரிது. முள் 110 காட்டும்போது வண்டி அதைவிட ஐந்து கிலோமீட்டர் வேகமாக ஓடும். நெடுஞ்சாலையில் வரம்பே 110தானே. அதனால் 185/55R15 போட்டேன். விட்டம் 584.5, வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் குறைகிறது. செம்பனை லாரிகள் ஓடிக் குழியாக்கிய சாலைக்கு இதற்கு மேல் குறைக்கக்கூடாது. 16 அங்குலம் பார்க்க இன்னும் எடுப்பாகத்தான் இருக்கும். எங்கள் சாலைக்கு அது ஆகாது.

மாட்டிய பிறகு முன் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே சுண்டு விரல் போகிறது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். உள் மட்கார்டில் சுண்ணக்கட்டி தேய்த்து, பின் இருக்கையில் மூன்று பேரை ஏற்றித் தோட்டத்து மேடுபள்ளங்களில் ஓட்டினேன். சுண்ணம் கலையவில்லை. நட்டுகளை எதிரெதிராக, கைநூலில் போட்ட அளவுக்கு, அதாவது நூறு நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். செம்மோர் வழியாக ஈப்போ போய்த் திரும்பியபின் மறுபடி இறுக்கிச் சோதித்தேன், நகரவில்லை. 90இல் ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது. வளைவில் வண்டி முன்பைவிட உறுதியாகத் திரும்புகிறது, இதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஒன்று மறக்கக்கூடாது. ஸ்பேர் சக்கரம் இன்னும் மைவியின் இரும்பு ரிம். அதற்குக் கூம்பு நட்தான் வேண்டும். பழைய நட்டில் நான்கைத் துணிப்பையில் கட்டி ஸ்பேர் சக்கரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஹோண்டா நட்டுக்கு 19 ஸ்பேனர், மைவி நட்டுக்கு 21. இரண்டும் அதே பையில். வண்டியை யார் எடுத்தாலும் இதைச் சொல்லித்தான் சாவி கொடுக்கிறேன்.

அடுத்த வீட்டு மாமா தம் வீராவுக்கும் இதே போல ஜாஸ் ரிம் தேடச் சொல்லியிருக்கிறார். வீராவின் ஹப் 56.1 என்பதால் வளையம் தேவைப்படாது. ஆஃப்செட்டை அளக்க வேண்டும், நட்டை மாற்ற வேண்டும். கண்மை டப்பாவை அம்மா இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.