கழுத்தில் ஒரு கறுப்புக் கோடு

காலையில் செம்பருத்திச் செடியில் ஒரு குட்டிப் பறவை. மூடிய உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

வளைந்த அலகு, பூவின் அடியில் குத்தித் தேன் குடிக்கும் விதம். சரி, தேன்சிட்டுதான். ஆனால் எது?

வயிறு மஞ்சள். முதுகு மங்கின பழுப்பு. பெண்ணாக இருக்கும் என்று திரும்பப் போனேன். அப்போது அது தலையை நிமிர்த்தியது.

தாடையில் தொடங்கி வயிறு வரை நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. யாரோ நாமம் இட்டு, நெற்றிக்குப் பதில் கழுத்தில் இழுத்துவிட்ட மாதிரி. வெயில் பட்டதும் தோள் பக்கம் துளி நீலம் மினுங்கியது.

ஊதாத் தேன்சிட்டு. ஆண்!

உடல் முழுக்கக் கருநீலமாக மின்னுமே, அதே பறவைதான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தப் பளபளப்பை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போல மஞ்சளுக்கு மாறிவிடும். அந்தக் கோடு மட்டும் மிஞ்சும். இன்னொரு வகையான ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் ஆண் இப்படி மாறுவதில்லை. அதன் பெண்ணுக்குத் தொண்டை வெளிர்சாம்பல், மஞ்சள் மார்பில்தான் தொடங்கும். இதற்கோ தொண்டையிலிருந்தே மஞ்சள்.

இத்தனை வருடமாக இந்தச் செடிக்கு வந்த எத்தனை 'பெண்'களை நான் சரியாகவே பார்க்கவில்லையோ என்று மனசு கேட்கிறது.

அம்மா வாசலில் இருந்து, "போயிடுச்சா?" என்றாள்.

இல்லை. இன்னும் இரண்டு பூ பாக்கி இருந்தது அதற்கு.