காய்ச்சலே வராத தம்பி

போன மாசம் கல்ஃப் மெடிக்கலில் தம்பிக்கு 'அன்ஃபிட்' போட்டுவிட்டார்கள். சித்தி மகன், முப்பது வயது, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறான். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்ற ஈரல் வைரஸ் இருக்கிறதாம். சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் அவனை உட்கார வைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரியே வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் மீடியத்தில் விலங்கியல் எடுக்கிறவள்; அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதால் இது பரவவே பரவாது.

சித்தி கேட்டது ஒன்றுதான். "ஒரு காச்சல் தலவலின்னு அவன் படுத்ததில்லையே கண்ணு, அப்புறம் எப்படி ரத்தத்துல வந்துச்சு?"

இதே மாதிரி ஒரு புதிர் 1930களில் அமெரிக்காவில் எரிக் டிராப் என்ற ஆராய்ச்சியாளருக்கு வந்தது. அவருடைய எலிக்கூட்டத்தில் எல்சிஎம்வி என்ற வைரஸ் புகுந்திருந்தது. வளர்ந்த எலியின் மூளைக்குள் அந்த வைரஸை ஊசியால் ஏற்றினால் சுமார் ஒரு வாரத்தில் வலிப்பு வந்து செத்துப்போகும். ஆனால் தாய் வயிற்றிலேயோ பிறந்த கையோடோ தொற்றிய குட்டிகள், ரத்தத்திலும் உறுப்புகளிலும் வைரஸ் நிறைந்திருந்தும், மற்ற எலிகளைப் போலவே ஓடியாடி வளர்ந்தன. வைரஸ் அவற்றை விட்டுப் போகவே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. எல்சிஎம்வி தான் குடியிருக்கும் செல்லை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. வளர்ந்த எலியைக் கொன்றது அதன் சொந்த டி செல்கள், அதாவது வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் வெள்ளை அணுக்கள். டி செல் விளையும் தைமஸ் சுரப்பியை முன்பே எடுத்துவிட்ட எலிகள் அதே ஊசியில் சாகாமல் வைரஸைச் சுமந்துகொண்டு இருந்தன. கல்லூரியில் இதை முதன்முதலாகப் படித்தபோது நம்ப முடியாமல் மூன்று தடவை திருப்பிப் படித்தேன்.

ஒரு எலிக்குள் இந்தச் சண்டை எப்படிப் போகிறது என்றால், முதல் சில மணி நேரத்தில் தொற்றிய செல்களே இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும், அடுத்து இயற்கைக் கொல்லி செல்கள் வந்து சேரும், அதற்குள் நிணநீர் முடிச்சுகளில் அந்த வைரஸை அடையாளம் காணக்கூடிய விரல்விட்டு எண்ணத்தக்க டி செல்கள் பெருக ஆரம்பித்து எட்டாம் நாள் வாக்கில் லட்சக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒரு டி செல் வைரஸை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எம்எச்சி என்ற தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும், அந்தத் தட்டில் வைரஸ் துண்டு தெரிந்தால்தான் டி செல் தாக்கும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் 1974-ல் எழுதியது இதைத்தான்: ஒரு எலியின் டி செல்களை வேறு இன எலியின் தொற்றிய செல்களோடு கலந்தபோது, அதே வைரஸ் இருந்தும் அவை தாக்கவில்லை. தட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். 1996-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தாக்குகிற விதம் கொடூரமானது. டி செல் விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் செல்லின் சவ்வில் ஓட்டை போடும், கிரான்சைம் என்ற இன்னொரு புரதம் உள்ளே போய் அந்தச் செல்லையே தற்கொலை செய்ய வைக்கும். பெர்ஃபோரின் இல்லாமல் பிறக்க வைத்த எலிகளால் எல்சிஎம்வியை ஒழிக்க முடியவில்லை. ஈரலில் கொஞ்சம் செல் போனால் திரும்ப வளர்ந்துவிடும், மூளையில் இந்தக் கைகலப்பு நடந்தால் எலி தாங்காது.

குட்டி எலிக்கு வருவோம். தைமஸில் டி செல்கள் பயிற்சி பெறும் காலத்தில், சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை களையெடுக்கப்படும். அந்த நேரத்தில் அங்கே வைரஸும் இருந்தால் அதுவும் சொந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மனித உடம்பில் ஹெபடைட்டிஸ் பி விவகாரம் இதைவிடச் சிக்கல்தான், எலிக் கணக்கை அப்படியே போட முடியாது. ஆனாலும் அந்த வைரஸும் ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை, சேதம் பெரும்பாலும் நம் டி செல்களால் வருவது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடும், பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட நிலைக்காது.

அதனால்தான் "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு" என்று தம்பிக்கு ஆளாளுக்குச் சூரணமும் கஷாயமும் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதின் ஆய்வுக்குழு 2006-ல் காட்டியதை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்சிஎம்வியின் குளோன் 13 என்ற வகை வளர்ந்த எலியிலும் மாதக்கணக்கில் தங்கும், டி செல்கள் களைத்துப்போகும், அவற்றின் மேல் பிடி-1 என்ற பிரேக் ஏறியிருக்கும். பிரேக்கைத் தடுத்தால் டி செல்கள் மறுபடி எழுந்து வைரஸைக் குறைத்தன, அது பெரிய வெற்றி. ஆனால் அந்தப் பிரேக்கை அழுத்தும் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அதே குளோன் 13-ஐக் கொடுத்தபோது, அடங்காத தாக்குதலால் செத்துப்போயின. சாதாரண எலிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பிரேக்தான். ஈரலில் வைரஸ் உள்ளவனுக்குத் தெரியாத மருந்தைக் கொடுத்து ஈரலைச் சோதிக்காதீர்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மாத்திரை, அது போதும்.

வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். சித்திக்கும் பாசிட்டிவ். அவருக்கும் ஒரு நாள் காமாலை வந்ததில்லை. "நாந்தான் குடுத்தேனா எம்பையனுக்கு" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதார். உங்களுக்கும் உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் சித்தி, அந்தக் காலத்தில் தடுப்பூசியும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எலிக்குட்டிகளின் கதையையும் சொன்னேன், பாதி புரிந்திருக்கும்.

தம்பியின் தங்கைக்கு இப்போது ஏழாம் மாசம், அவளுக்கும் பாசிட்டிவ். பொள்ளாச்சியில் பார்க்கிற டாக்டரிடம் போன வாரம் கூடப் போனேன். வைரஸ் அளவு பார்த்து அவளுக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த அன்றே தடுப்பூசியும், தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும் என்று பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வாங்கி வந்திருக்கிறேன். தனித் தட்டைச் சித்தியே எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்.