துடுப்பையும் ஸ்டெதஸ்கோப்பையும் ஒரே கையில் பிடிக்க வேண்டாம்

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, டூட்டிக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் நீட் பி.ஜி.க்கு, அதாவது மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு, படித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு வார்டில் ட்ரிப் மாற்றிவிட்டு வந்து செல்போனைத் திறப்பேன். ஒரே கேள்வியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறாது. 2024 தேர்வில் நினைத்த ரேங்க் வரவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் பிரிட்டன் படகுப் போட்டி வீராங்கனை இமோஜென் கிராண்டைப் பற்றிப் படித்தேன். கேம்பிரிட்ஜுக்கு மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அவர் துடுப்பையே பிடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் எமிலி கிரெய்குடன் லைட்வெயிட் (எடை வரம்பு உள்ள) இரட்டையர் படகில் நான்காம் இடம். 2,000 மீட்டர் வலித்து வந்து, வெண்கலத்தை 0.01 நொடியில் விட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

ஆனால் நான் பிடித்துக்கொண்டது வேறொன்றை. டோக்கியோவுக்காக அவர் படிப்பை நிறுத்திவைத்தார். பிறகு திரும்பிப் போய்ப் பட்டம் வாங்கினார். படிக்கும்போதும் படகை விடவில்லை, 2022இல் இரு பல்கலைக்கழகங்களும் மோதும் படகுப் போட்டியில், கேம்பிரிட்ஜ் அணியில் ஆக்ஸ்போர்டை ஜெயித்தார். ஆனாலும் பாரிஸ் ஒலிம்பிக் நெருங்கியபோது டாக்டர் வேலையைத் தள்ளிப்போட்டார். 2024 ஆகஸ்ட் 2 அன்று எமிலியுடன் தங்கம். அதே மாதம் ஜூனியர் டாக்டராக வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காலத்தை முழுசாகக் கொடுத்திருக்கிறார்.

சரி, நான் என்ன செய்தேன்? வீட்டில் உட்கார்ந்து பேசி, ஏழு மாதம் வேலைக்குப் போகாமல் படித்தேன். தேர்வில் 200 கேள்விகள், ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் 40 கேள்விகள், 42 நிமிடம். ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. துடுப்பு வலிப்பவர்கள் பந்தயத்தை 500 மீட்டர் துண்டுகளாகத்தான் கணக்கு வைப்பார்கள். நானும் தினமும் 42 நிமிட அலாரம் வைத்து, செல்போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு 40 கேள்விகள் எழுதினேன். முதல் மாதம் கடைசி ஏழெட்டுக் கேள்விகள் தொடாமலே நிற்கும். மூன்றாம் மாதத்தில் நான்கு நிமிடம் மிச்சமானது.

அப்புறம் ஒன்று. வீட்டு நிலைமையால் வேலையை விட முடியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் கடைசி இரண்டு மாதத்தையாவது கேட்டு வாங்குங்கள். நைட் டூட்டியை மாற்றிக்கொள்ள நண்பர்களிடம் இப்போதே பேசிவையுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.