வெப்பேக் கற்போருக்கு: வெளியீட்டுக் கோப்பைத் திறந்து படியுங்கள்

பல ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகத் தொகுத்துத் தரும் கருவியான வெப்பேக்கைக் கற்கத் தொடங்குபவர்களில் பலர், எங்கோ கிடைத்த நீண்ட கான்ஃபிக் (அமைப்புகளை எழுதும்) கோப்பு ஒன்றை அப்படியே எடுத்து ஒட்டி, பில்ட் (தொகுக்கும் வேலை) ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் கற்றபோது கான்ஃபிக் கோப்பே இல்லாமல் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கருவி எழுதித் தந்த கோப்பைத் திறந்து படித்தேன். வேறு எந்தப் பாடத்தையும்விட இந்தப் பழக்கமே எனக்குத் தெளிவு தந்ததால், அதையே பரிந்துரைக்கிறேன்.

2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் கோப்பு கட்டாயமில்லை. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸை நிறுவி, அதனுடன் வரும் என்பிஎம் என்ற நிறுவல் கருவி வழியாக வெப்பேக்கையும் அதன் கமாண்ட் லைன் கருவியையும் சேர்த்துவிட்டால், எஸ்ஆர்சி ஃபோல்டரில் உள்ள இண்டெக்ஸ் கோப்பிலிருந்து தொடங்கி, டிஸ்ட் ஃபோல்டரில் மெயின் என்ற ஒரே கோப்பாக அது தொகுத்துத் தரும்.

முதல் பயிற்சியாக, இரண்டு ஃபங்ஷன்களை எக்ஸ்போர்ட் செய்யும் சிறு கோப்பு ஒன்றை எழுதி, அவற்றில் ஒன்றை மட்டும் இண்டெக்ஸ் கோப்பில் இம்போர்ட் செய்து பயன்படுத்துங்கள். நிரல் எழுதும்போது பயன்படும் டெவலப்மென்ட் மோடில் பில்ட் செய்தால் வெளியீட்டில் இரண்டுமே இருக்கும். பயனர்களுக்கு வெளியிடுவதற்கான புரொடக்ஷன் மோடில், பயன்படுத்தாதது காணாமல் போயிருக்கும். இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகளை நிரலை இயக்காமலேயே படித்து, எது எங்கே தேவைப்படுகிறது என்று கணிக்க முடிவதால்தான் ட்ரீ ஷேக்கிங் எனப்படும் இந்த நீக்கம் சாத்தியமாகிறது. டெவலப்மென்ட் மோடில் நிரல் முழுவதும் இவால் (சரத்தில் உள்ள நிரலை இயக்கும் ஃபங்ஷன்) சரங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் என்பதால், இதைத் தீர்மானிக்கும் டெவ்டூல் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிய பிறகு படிப்பது கண்ணுக்கு எளிது.

அடுத்து, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ். இங்கே, ஜாவாஸ்கிரிப்ட் அல்லாத கோப்புகளை வெப்பேக்குக்குப் புரியும்படி மாற்றும் லோடர்கள் இரண்டு தேவைப்படும்: சிஎஸ்எஸ் லோடர் ஸ்டைல் கோப்பைப் படித்து மாட்யூலாக மாற்றுகிறது, ஸ்டைல் லோடர் அதைப் பக்கத்தில் ஸ்டைல் டேக்காகச் செருகுகிறது. பட்டியலில் உள்ள லோடர்கள் வலமிருந்து இடமாக இயங்குவதால், ஸ்டைல் லோடரை முதலிலும் சிஎஸ்எஸ் லோடரைப் பின்னாலும் எழுத வேண்டும். வரிசையை ஒருமுறை வேண்டுமென்றே மாற்றிப் பில்ட் செய்து, வரும் பிழைச்செய்தியை நிதானமாகப் படியுங்கள்: ஸ்டைல் எதிர்பார்க்கப்படும் இடத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்திருப்பது புரியும். நேர்காணலில் லோடர் வரிசையைக் கேட்டால், மனப்பாடம் செய்யாமலேயே விளக்கிவிடலாம்.

திட்டத்தின் விவரங்கள் உள்ள பேக்கேஜ் ஜேசன் கோப்பில் சைட் எஃபெக்ட்ஸ் அமைப்பை ஃபால்ஸ் என்று (எந்தக் கோப்பும் இம்போர்ட் ஆவதாலேயே தனி விளைவு தராது என்று) எழுதச் சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் காண்பீர்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். அப்படி எழுதினால், பெயர் எதுவும் பெறாமல் வெறுமனே இம்போர்ட் செய்யப்படும் சிஎஸ்எஸ் கோப்பும் தேவையற்றதாகக் கருதப்பட்டு, புரொடக்ஷன் பில்டில் எந்தப் பிழையும் காட்டாமல் நீக்கப்பட்டுவிடும். ஃபால்ஸ் என்பதற்குப் பதிலாக, நீக்கக் கூடாத கோப்புகளின் பட்டியலை அங்கே கொடுத்து, சிஎஸ்எஸ் கோப்புகளை அதில் சேர்ப்பதே சரி.