கட்டியதை அவிழ்க்கச் சொல்லாதீர்கள்

கை காலில் ரத்தம் பீறிட்டால், அதை நிறுத்தக் காயத்துக்கு மேலே டூர்னிகெட் என்ற பட்டையை இறுக்கிக் கட்டுவோம். எங்கள் ஆம்புலன்ஸில் கூட வரும் சொந்தக்காரர்கள் அடிக்கடி கெஞ்சுவது அதைத் தளர்த்தச் சொல்லித்தான்: "சார், கட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க, கால் செத்துப் போயிடும்." அவர்களைக் குறை சொல்ல முடியாது, இடையிடையே தளர்த்திவிட வேண்டும் என்று பழைய முதலுதவிப் பாடங்களிலேயே இருந்தது. தளர்த்தும் ஒவ்வொரு முறையும் நின்ற ரத்தம் மறுபடி பீறிடும், வளர்ந்த ஒருவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

ஒரு கட்டடத்தில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தபோது கட்டிங் மெஷின் பிளேடு ஒரு தம்பியின் தொடையில் இறங்கிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட வேலை செய்தவர்கள் காயத்தில் காப்பித்தூளைக் கொட்டி, மேலே கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். சும்மா வேடிக்கை பார்க்காமல் ஏதோ செய்தார்களே, அதற்கே அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அரைகுறையாக இறுக்கினால் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் மட்டும் அடைபடும், ஆழத்தில் ஓடும் தமனி திறந்தே இருக்கும், அதனால் இதயம் அனுப்புகிற ரத்தம் வந்துகொண்டே இருந்து, திரும்பிப் போக வழியில்லாமல் காயம் வழியாகவே கொட்டும். கம்பி வேறு மெல்லியது, சதையையும் நரம்பையும் நசுக்கிவிடும்.

பேண்ட்டைக் கத்தரித்து, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே டூர்னிகெட் பட்டையைப் போட்டு, அதிலுள்ள குச்சியைத் திருகினேன். "அண்ணே வேணாம்ணே, உயிர் போகுது" என்று கத்தினான். வலிக்கத்தான் செய்யும், வலிக்கிறதே என்று பாதியில் விட்டால் கட்டுக்கம்பி கதைதான். ரத்தம் நின்று, பாதத்தில் நாடி தட்டாமல் போகும்வரை திருகி, குச்சியை மாட்டி, அதற்குப் பிறகுதான் கம்பியை எடுத்தேன். பைலட் அண்ணன் (ஆம்புலன்ஸ் டிரைவர்) மணி சொல்ல, பட்டையிலேயே மார்க்கரால் எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் முதலில் பார்த்தது அந்த நேரத்தைத்தான், ஆபரேஷன் தியேட்டருக்குள் போன பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள்.

கால் போய்விடும் என்ற பயம்தான் எல்லோரையும் தயங்க வைக்கிறது. பொதுவாக 2 மணி நேரம் வரை கட்டு இருந்தாலும் நிரந்தரச் சேதம் அரிது. தயங்குவதால் என்ன ஆகும் என்பதற்கு, 2006-இல் பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையின் கணக்கு இருக்கிறது: ஷாக் (ரத்தம் நிறையப் போய், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை) வருவதற்கு முன் கட்டப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், ஷாக் வந்த பிறகு கட்டப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம்தான்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், பாம்பு கடித்தால் மட்டும் நம் ஆட்கள் யோசிக்காமல் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள், கட்டவே கூடாத இடம் அது.

சரி, எல்லா வெட்டுக்கும் டூர்னிகெட் தேவையா என்றால் இல்லை, பெரும்பாலும் துணியை வைத்து அழுத்தினாலே நின்றுவிடும். அழுத்தியும் நிற்காமல் கை காலில் பீறிட்டால்தான் கட்டு. பட்டை இல்லையென்றால் துண்டையோ துப்பட்டாவையோ அகலமாக மடித்துக் கட்டி, உறுதியான குச்சி செருகித் திருகலாம். மூட்டின் மேல் கட்டக் கூடாது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் கட்டவே முடியாது, சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று நடுவில் கையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது.