மறையூர்ப் புல்லும் மூணாற்றுப் புல்லும்: இதுவரை பார்த்தது

மறையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற தைலப்புல் (எலுமிச்சைப் புல்) குத்தைப் பிரித்து, பாதியை இங்கேயே பைகளில் நட்டேன். மீதியை மூணாற்றில் எஸ்டேட் லயத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரே புல் இரண்டு ஊரிலும் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான். மண்ணும் சாணமும்கூட ஒரே குவியலில் இருந்து எடுத்தவைதான். பிறகு யாரும் மண் வேறு என்று சொல்லிவிடக் கூடாதே!

இரண்டு ஊருக்கும் நடுவே 40 கிலோமீட்டர்தான். ஆனால் மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. மறையூர் சுமார் 1,000 மீட்டரில், ஆனைமுடிச் சிகரத்துக்கு அந்தப் பக்கம் மழைமறைவில் கிடக்கிறது. ஆடியில் அங்கே துணி காயாது. இங்கே காற்று மட்டும்தான். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை.

ஆடிக் கடைசியில் அக்கா போன் செய்தார். "என் புல்லு இடுப்பு உயரம் வந்திருச்சுடா தம்பி, உன்னது?" என்னுடையது முழங்காலைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டையும் அறுத்து, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, தனித்தனியாகக் காய்ச்சினேன். இந்தப் பக்கத்து முதுவர் பழங்குடியினரின் குடிகளில் பெரிய பானை வைத்துப் புல்தைலம் இறக்குவார்கள். என்னிடம் இருப்பது பழைய குக்கர், விசில் இடத்தில் ஒரு செம்புக் குழாய், அதைக் குளிரவைக்க ஒரு வாளித் தண்ணீர். தைலம் தண்ணீருக்கு மேல் மிதக்கும். சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தேன். மறையூர்ப் புல்லில் கிலோவுக்கு 3 மில்லி. மூணாற்றுப் புல்லில் அதில் பாதிகூட இல்லை, வாசமும் மந்தம்.

எலுமிச்சை வாசம் தைலத்தில் இருக்கும் சிட்ரால் என்ற பொருளால் வருவது; நல்ல தைலத்தில் முக்கால் பங்கு அதுதான். வெயில் நன்றாக விழுந்தால் புல் தைலத்தைக் கூடுதலாகச் சேர்க்கும். மேகமும் ஈரமும் விடாமல் இருந்தால் இலைதான் பெருக்கும். மறையூர்ச் சந்தனத்திலும் இதே சங்கதிதான்: வளமான ஈர மண்ணில் மரம் சட்டென்று பெருக்கும், வைரம் (வாசமுள்ள நடுக்கட்டை) குறைவாகவே வைக்கும்.

அதற்காக மூணாற்றைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா வீட்டு வல்லாரை தளதளவென்று படர்கிறது. இங்கே இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் சுருண்டுவிடும். துளசி மட்டும் அங்கே மார்கழிக் குளிரில் கருகிப்போனது. கற்றாழை மழையிலேயே அழுகிவிட்டது.

அங்கே தைலம் குறைந்தது மழையாலா, வெயில் போதாமலா, குளிராலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த முறை மூணாற்றில் சில பைகளுக்கு மேலே தெளிவான பாலித்தீன் கூரை போட்டிருக்கிறோம். வெளிச்சம் படும், மழை படாது. ஓடக்காலி வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சுகந்தி என்ற தைலப்புல் ரகத்தின் தூரும் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் இரண்டு ஊரிலும் அதையும் வைப்பேன். அடுத்த அறுப்பு ஆவணியில்.